நாலாம் லேன்காரர்

எங்கள் பேத்தி பிறந்த அன்று ஆஸ்பத்திரி நடையில் அவள் மூக்கை வைத்து ஒரு பெரிய வழக்கு நடந்தது. சம்பந்தி வீட்டார் அது தங்கள் வீட்டு மூக்கு என்றார்கள். என் வீட்டுக்காரர் தன் மூக்கைத் தடவிக்காட்டி, "இதப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க" என்றார். பட்டாணி அளவுகூட இல்லாத ஒரு மூக்குக்கு அத்தனை சொந்தக்காரர்கள்.

எல்லோருக்கும் கடைசியாக வந்தவர் என் கொழுந்தன், என் வீட்டுக்காரரின் தம்பி. லிப்ட் ரிப்பேர் பார்ப்பவர். வேலையிலிருந்து நேரே வந்ததால் கையெல்லாம் கிரீஸ். குழந்தையைத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் சாமானைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார்.

"மூக்கு யாரு மாதிரி? நீ சொல்லுடா" என்று அண்ணன் அதட்டினார்.

"இப்பதானே வந்திருக்கா. அவ மூக்கு கொஞ்ச நாள் அவளோடதாவே இருக்கட்டுமே."

சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த உத்தரவு வந்தது. "பாப்பாவுக்குக் கட்டில் வாங்கியாச்சு. பலகை பலகையா பெட்டியில போட்டுக் குடுத்திருக்கான். ஞாயித்துக்கிழமை வந்து பூட்டிக் குடுத்துரு. நீ சும்மாதானே இருப்ப."

கொழுந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டுக் கை கழுவப் போனார்.

'நீ சும்மாதானே இருப்ப' என்பதுதான் அவர் காதில் அதிகம் விழுந்த பேச்சாக இருக்கும். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பெரிய கதையெல்லாம் கிடையாது. பார்த்த இடங்கள் தட்டிப்போயின. பிறகு பார்க்கிறவர்களும் ஓய்ந்துபோனார்கள். ஒண்டிக்கட்டை என்றால் நேரம் கொட்டிக் கிடக்கும் என்று உலகம் நினைத்துக்கொள்கிறது. கம்பெனியில் ஒருவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த டியூட்டி இவர் தலையில் விழும். சொந்தத்தில் யாராவது வீடு மாறினால் பீரோவின் கனமான பக்கம் இவர் கைக்கு வரும். குடும்பம் உள்ளவனுக்கு லீவு வேண்டும், இவருக்கு எதற்கு? லீவு போட்டு என்ன, சுவரோடு பேசப் போகிறாரா?

லிப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் இவர் போய் வெளியிலிருந்து முதலில் குரல் கொடுப்பார். "அஞ்சே நிமிஷம் சார், பயப்படாதீங்க." அரை மணி ஆனாலும் அஞ்சே நிமிஷம்தான். அதனால் கம்பெனியில் அவருக்குப் பேரே அஞ்சு நிமிஷம். "அஞ்சு நிமிஷம் எங்கப்பா?" "அஞ்சு நிமிஷம் சாப்பிடப் போயிருக்கு, வர ஒரு மணி நேரமாகும்." இப்படித்தான் பேசிக்கொள்வார்களாம். இத்தனைக்கும் அவர் குடியிருக்கிற கட்டடத்தில் லிப்டே கிடையாது. மூன்று மாடி ஏறித்தான் போகவேண்டும்.

அவருக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம். ஏர் ரைபிள் சுடப் போவார்.

நீச்சல் குளம் இருக்கிற பெரிய விளையாட்டுக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில் அந்த இடம். மேலே பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கிற சத்தம் கேட்கும், குளோரின் வாடை கீழே வரைக்கும் வரும். நீளமான ஒரு கூடம். இந்தப் பக்கம் ஆறு பேர் நிற்க ஆறு தடுப்புகள். பத்து மீட்டர் தள்ளி ஆறு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்பு வட்டம். வட்டத்தின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளியைத் துளைத்தால் பத்து. தள்ளிப்போகப் போக ஒன்பது, எட்டு என்று குறையும். வெடிச் சத்தம் இருக்காது. காற்று அழுத்தத்தில் போகிற சின்ன ஈயக் குண்டு. நாக்கை மேலண்ணத்தில் வைத்துச் சொடுக்கினால் எவ்வளவு சத்தமோ அவ்வளவுதான்.

சாமான் ஏற்றும் லிப்டைச் சரி பண்ணப் போனபோதுதான் அவர் அதை முதலில் பார்த்தாராம். "இத்தனை பேரு ஒரே எடத்துல நின்னுக்கிட்டு ஒருத்தரும் ஒருத்தரக் கூப்பிடாம இருக்கறத நான் பாத்ததே இல்ல அண்ணி. யாரும் யாரையும் 'கொஞ்சம் இதப் புடி'ன்னு சொல்லல" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அங்கே ஆளுக்குப் பேர் கிடையாது. எந்தத் தடுப்பில், அதாவது எந்த லேனில் நிற்கிறாரோ அதுதான் பேர். இவர் நாலாம் லேன். "நாலு, விளக்கு போதுமா?" "மூணு, குடைய விட்டுட்டுப் போறீங்க." மூன்றாம் லேனில் நிற்பவர் பல்செட் செய்கிறவர் என்பது இவருக்குத் தெரியும். ஒருநாள் அவர் சட்டைப் பையிலிருந்து குண்டு டப்பாவுக்குப் பதிலாக அரை வாய்ப் பல் வந்ததாம். வருஷக் கணக்காகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றும் இருவருக்கும் நடுவில் 'வணக்கம்', 'வரட்டுமா' தவிர வேறு பேச்சு நடந்ததில்லை. காதில் இரண்டு பேருக்கும் அடைப்பான்.

லேன் ஆறுதான் என்பதால் அங்கே ஒரு சட்டம் உண்டு. வருகிறவர் தான் சுட்ட அட்டையை, அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிற ரேஞ்ச் மாஸ்டரிடம் காட்டவேண்டும். அவர் அதை லேன் நம்பருக்குக் கீழே கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். தொடர்ந்து மூன்று ஞாயிறு கம்பி காலியாக இருந்தால் லேன் போச்சு. வெளியே காத்திருக்கிறவருக்குப் போய்விடும். திரும்பக் கிடைக்கப் பல வருஷம் ஆகும்.

இந்தச் சட்டம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் சொன்னதில்லை. "காக்கா சுடப் போறான்" என்று அண்ணன் கேலி செய்வார், அதற்கும் சிரித்துக்கொள்வார்.

குழந்தை பிறந்த அடுத்த வாரம் அவருடைய சுடுகிற சட்டையில் பக்கிள் மாற்றித் தைத்துக் கொடுக்க நான் அவர் அறைக்குப் போனேன். நான் யூனிபார்ம் தைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எத்தனையோ தடித்த துணி தைத்திருக்கிறேன், அந்தச் சட்டையிடம் மூன்று ஊசி ஒடிந்தது. உடம்பு ஆடாமல் பிடித்து நிறுத்துவதற்காகக் கேன்வாசும் தோலும் வைத்துச் செய்தது. ஆணியில் மாட்டினால் ஆணி வந்துவிடும். அதனால் அவர் அதைச் சமையலறை நாற்காலியில் வைத்திருந்தார். அது தானாகவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மேஜையின் இந்தப் பக்கம் ஒரு தட்டு, ஒரு டம்ளர். எதிரில் தலை இல்லாத ஒரு விருந்தாளி.

"இதுவும் உங்ககூடத்தான் சாப்பிடுதா தம்பி?"

"பக்கத்துல உக்காரும். ஆனா பசிக்காது. நல்ல ஜாதி" என்று சிரித்தார்.

பிறகு ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினார். துணியில் சுற்றிப் பொத்தி வைத்திருந்தார். ரைபிளின் பின்பக்கம் மாட்டுகிற புது சைட். வட்டமான தகடு, அதன் நடுவே ஊசித் துளை. பக்கத்தில் உள்ள திருகைத் திருப்பினால் துளை சுருங்கும், விரியும். பழையதில் அந்த வசதி இல்லையாம். எத்தனையோ நாள் விசாரித்து, படம் பார்த்து, கடைசியில் வரவழைத்திருக்கிறார். இதற்கு முன்னாலும் இப்படித்தான். ஒரு மாசம் புதுக் கையுறை வரும். ஒரு மாசம் வேறு டப்பா குண்டு. ஒரு மாசம் பூட்ஸுக்குள் வைக்கிற அட்டை. ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, பழசே தேவலை என்று முடிவு செய்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

"கண்ண வெச்சுப் பாருங்க அண்ணி. குழாயப் பாருங்க."

பார்த்தேன். குழாயின் வாயும் அதில் தொங்கிய ஒரு சொட்டுத் தண்ணீரும் தெரிந்தன. பாத்திரம் இல்லை, சுவர் இல்லை, ஜன்னல் இல்லை.

"என்ன தம்பி இது, மிச்சமெல்லாம் எங்க போச்சு?"

"அது போறதுக்குத்தானே இது" என்றார். "ரேஞ்சுல இன்னும் போட்டுப் பாக்கல. ரெண்டு வாரமாப் போக முடியல."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். முதல் ஞாயிறு கூட வேலை செய்பவருக்காக டியூட்டி பார்த்தார். இரண்டாவது ஞாயிறு எங்கள் வீட்டுக் கட்டிலைப் பூட்டினார். பெட்டியில் ஒரு போல்ட் குறைந்திருந்ததால் கடை கடையாக அலைந்து சாயங்காலமாகிவிட்டது. கம்பியில் நாலாம் லேன் இரண்டு வாரமாகக் காலி. மூன்றாவது ஞாயிறு எப்படியும் போயாகவேண்டும். வேறு யாருக்கும் டியூட்டி மாற்றிக்கொள்ளவில்லை. சனிக்கிழமையே சட்டையும் புது சைட்டும் பையில் ஏறிவிட்டன.

ஞாயிறு விடிந்ததும் அண்ணனிடமிருந்து போன்.

"டேய், மருமகளுக்குத் தையல் போட்ட எடத்துல வலி. பையன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறான். உங்க அண்ணிக்குக் கம்பெனியில அவசர ஆர்டர், நானும் ஷிப்டுக்குக் கெளம்பணும். பாப்பாவ ரெண்டு மணி நேரம் பாத்துக்க."

என் வீட்டுக்காரருக்கு ரொட்டி பேக்டரியில் அடுப்பு வேலை. அடுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வர முடியாது.

"அண்ணே, இன்னிக்கு மட்டும்..."

"இன்னிக்கு என்ன? மந்திரி வர்றாரா உன்னப் பாக்க?"

'என் லேன் போயிரும்' என்று சொன்னால் என்ன லேன், யார் லேன் என்று ஆரம்பிக்கவேண்டும். கைக்குழந்தைக்கு எதிரில் வைத்தால் அந்த வார்த்தைக்கு என்ன எடை? "வர்றேன்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவர் வாயால் கேட்டது.

எங்கள் மகன் குழந்தையைக் கூடைப் படுக்கையோடு கொடுத்தான். பால் புட்டி, மாற்றுத் துணி, கிலுகிலுப்பை. "சித்தப்பா, அழுதா தோள்ல போட்டுத் தட்டுங்க. அவ்வளவுதான்." ஒரு தோளில் ரைபிள் பை, மறுகையில் எங்கள் பேத்தி. மனுஷர் பஸ்ஸில் நின்ற கோலத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். பக்கத்து சீட்டுக்காரர், "என்ன சார், பையில கிட்டாரா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமா" என்று சொல்லிவிட்டாராம்.

ரேஞ்ச் வாசலிலேயே மாஸ்டர் மறித்தார். "என்ன நாலு, ரெண்டு வாரமா ஆளக் காணோம், இன்னிக்கு ஆள் சேத்துக்கிட்டு வந்திருக்கீங்க? கைக்குழந்தை உள்ள வரக்கூடாது. ஈயத் தூசி."

"தெரியும். ஆபீஸ் ரூம்ல யாராச்சும் வெச்சிருந்தா நான் ஒரே ஒரு அட்டை சுட்டுட்டுப் போயிருவேன். அட்டையில ஒரு ஓட்டை போதுமில்ல?"

"ஒரு ஓட்டை போதும். ஆனா யாரு வெச்சிருப்பா?"

பல்செட்காரர் அப்போதுதான் தன் அட்டையை மாட்டி, மறுமுனைக்கு அனுப்பிவிட்டு, அடைப்பானைக் காதில் வைக்கப் போனார். மாஸ்டர் அவரைப் பார்த்தார். கொழுந்தன் அவரைப் பார்த்தார். அவர் திரும்பிப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை.

"நானா? நான் பிள்ளையே தூக்கினது இல்லையே."

"கூடைதான். புடிச்சா போதும்" என்று கொழுந்தன் அவர் கையில் கொடுத்துவிட்டார்.

ஆபீஸ் ரூமுக்கும் கூடத்துக்கும் நடுவே பெரிய கண்ணாடி. பல்செட்காரர் அதற்குப் பின்னால் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, வெடிகுண்டைக் காவல் காப்பவர்போல் அசையாமல் உட்கார்ந்தார்.

கொழுந்தன் சட்டையை மாட்டி, பக்கிள் போட்டு, தன் அட்டையை மறுமுனைக்கு அனுப்பிவிட்டு, புது சைட்டைப் பொருத்தினார். சாவகாசமாகச் செய்யவேண்டிய வேலை. அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே செய்தார். துளையைச் சுருக்கினார், இன்னும் கொஞ்சம் சுருக்கினார். அடைப்பானை வைத்தார். ரைபிளைத் தூக்கிக் கன்னத்தில் சாய்த்தார். துளை வழியே கறுப்பு வட்டம், அதைச் சுற்றி மெல்லிய வெளிச்சம். அத்தனை சுத்தமாக அவர் அதைப் பார்த்ததே இல்லை. கூடம் இல்லை, கண்ணாடி இல்லை, பஸ் இல்லை, போன் இல்லை. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினார். விரல் தானாக அழுத்தியது.

"பத்துன்னு கைக்கே தெரிஞ்சுது அண்ணி. சில சமயம் கண்ணுக்கு முன்னாடி கைக்குத் தெரிஞ்சிரும்."

பொத்தானை அமுக்கினார். மோட்டார் ஓடி அட்டை கம்பியில் இழுபட்டு வந்தது. கையில் எடுத்துப் பார்த்தார். அட்டை வெள்ளை வெளேரென்று, கறுப்பு கறுகறுவென்று, கடையில் வாங்கினதுபோல் இருந்தது. ஒரு ஓட்டையும் இல்லை.

வட்டத்தை விட்டு விலகினால் பரவாயில்லை. அட்டையையே விட்டு விலகுவதா? புதிதாக வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகூட அப்படிச் சுடாது. அட்டையைத் திருப்பி முதுகையும் பார்த்தார்.

அதே நேரத்தில் மாஸ்டர் தோளைத் தொட்டுக் கண்ணாடிப் பக்கம் கை காட்டினார். அங்கே எங்கள் பேத்தி வாயைத் திறந்துவிட்டாள். சத்தம் இவருக்குக் கேட்கவில்லை. சிவந்த முகமும் திறந்த வாயும்தான் தெரிந்தன. பல்செட்காரர் எழுந்து நின்று, கூடையையும் உட்கார்ந்த நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்துத் தவித்தார்.

அடைப்பானை எடுத்ததும் அழுகை உள்ளே பாய்ந்தது.

"இன்னொண்ணு சுட்டுட்டுப் போங்க நாலு" என்றார் மாஸ்டர். "இந்த வாரம் கம்பி காலின்னா லேன் போயிரும், தெரியுமில்ல? அரை நிமிஷ வேலை."

அவருக்குத் தெரியும். ரைபிள் கையில் இருந்தது, குண்டு டப்பா திறந்திருந்தது. ஆனால் அந்த நெஞ்சு அடிக்கிற வேகத்தில் அரை நிமிஷத்தில் சுட முடியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

"அவளுக்கு அரை நிமிஷம் ரொம்ப நேரம் சார்" என்று சொல்லி ரைபிளைக் கீழே வைத்தார்.

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினார். அந்தக் கட்டைச் சட்டையின் மேல் அவளுக்கு எப்படித்தான் தூக்கம் வந்ததோ, வந்தது. அவர் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். மாஸ்டர் நல்லவர்தான். குரலைத் தாழ்த்தி, "ரூல் நான் போட்டது இல்ல. வெளியில வருஷக் கணக்கா நிக்கிறாங்க. வர்ற வாரத்துலேர்ந்து நீங்க நாலு இல்ல" என்றார்.

"அப்ப நான் யாரு?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்குத் தானே வெட்கப்பட்டுச் சிரித்தாராம்.

பல்செட்காரரிடம், "வரட்டுமா" என்றார். "வணக்கம்" என்றார் அவர்.

எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது அடுத்த வாரத்திலிருந்து கொழுந்தன் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் இருந்தார் என்பதுதான். கம்பெனியில் யார் கேட்டாலும் டியூட்டி எடுத்துக்கொண்டார். டியூட்டி இல்லாவிட்டால் எங்களிடம் வந்தார். எல்லோருக்கும் சந்தோஷம். மருமகள், "சின்ன மாமா வந்தா பாப்பா அழறதே இல்ல" என்று சொல்லித் தூங்கப் போய்விடுவாள். என் வீட்டுக்காரர் காலை நீட்டுவார்.

அவர் ஜன்னலோரம் குழந்தையை மார்மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எதிர்ச் சுவரில் சுவிட்சுப் பலகையில் ஒரு திருகாணி உண்டு. ஒரு கண்ணை லேசாகச் சுருக்கி அதையே பார்ப்பார். மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவார். வலது கை ஆள்காட்டி விரல் குழந்தையின் முதுகில் மெதுவாக மடங்கும். பிறகு மிச்ச மூச்சை விடுவார். நான் சமையலறையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

"சுடப் போறது இல்லையா தம்பி?"

"விட்டுட்டேன் அண்ணி. அது என்ன, வெத்து வேலை. பழைய சாமானெல்லாம் உங்க பரண்ல போட்டுவைக்கட்டுமா? என் ரூம்ல எடம் அடைக்குது."

அவர் ரூமில் இடத்துக்கு என்ன குறை? வெற்று இடம்தான் நிறைய. ஆனாலும் சரி என்றேன். அவர் கொண்டுவரவும் இல்லை.

ஒரு மத்தியானம் அவர் ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில் லிப்ட் மேல் நின்று கம்பி வடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, கம்பெனியில் போன் எடுக்கிற பெண் கூப்பிட்டாள். கம்பெனிக்கு வந்த ஒரு போனை அவள் சொல்லிக் காட்டிய மாதிரியே அவர் எங்களிடம் நடித்துக் காட்டினார்.

"எந்த மாடியில சார் மாட்டியிருக்கீங்க?"

"மாட்டலம்மா. நான் வீட்டுல சௌக்கியமா உக்காந்திருக்கேன். எனக்கு ஒரு ஆள் வேணும். ஒல்லியா, கொஞ்சம் சாஞ்சு நிப்பாரு. சட்டையில லிப்ட் படம் போட்டிருக்கும். நாலாம் லேன்."

"நாலாவது மாடியா சார்? பதட்டப்படாதீங்க, பட்டன் எதையும் தொடாதீங்க."

"இல்லம்மா! அய்யோ, இதோட அஞ்சாறு கம்பெனிக்குப் போன் போட்டுட்டேன். எல்லாரும் என்னை லிப்டுக்குள்ளயே தள்ளறீங்களே. ஒரு கைக்குழந்தைய எங்கிட்டக் குடுத்தாரும்மா அவரு."

கைக்குழந்தை என்றதும் அந்தப் பெண்ணுக்குப் பளிச்சென்று பட்டுவிட்டது. பேத்தி பிறந்ததிலிருந்து கொழுந்தன் கம்பெனியில் போட்டோ காட்டாத ஆளில்லை. இதுவும் எங்களுக்கு அப்போது தெரியாது.

போன் போட்டது பல்செட்காரர். அவருடைய பட்டறைக்குக் கொழுந்தன் வேலைச் சட்டையோடு போனார். சின்ன அறை. மேஜை முழுக்க வரிசை வரிசையாக ஆளில்லாத சிரிப்புகள். மனுஷர் ஒரு நாற்காலியில் இருந்த தாடைகளை ஒதுக்கி உட்காரச் சொன்னார்.

"பாப்பா நல்லா இருக்காளா?"

"இருக்கா."

"எங்கிட்ட வர்றவங்க எல்லாம் பல்லு போன பின்னாடி வர்றவங்க. பல்லே வராத ஒரு ஆள அன்னிக்குத்தான் முதல்முதலாப் பாத்தேன். அழுதுட்டா. என் மூஞ்சியப் பாத்தா யாரும் அழுவாங்க, விடுங்க." பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வைத்தார். "நீங்க போன பின்னாடி நான் என் லேனுக்குப் போனேன். சுடறதுக்கு முன்னாடி தூரத்த கிட்டக் காட்டற ஸ்கோப்புல பாத்தா எனக்கு முன்னாடியே எவனோ சுட்டுவெச்சிருக்கான்."

மூன்றாம் லேன் அட்டை. நடுவில் ஒரே ஒரு ஓட்டை. வெள்ளைப் புள்ளி இருந்த இடமே தெரியவில்லை.

கொழுந்தன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். துளையைச் சுருக்கினது அதிகம். வட்டத்துக்கு மேலே எழுதியிருக்கிற லேன் நம்பர் துளைக்கு வெளியே போய்விட்டது. மிச்சமெல்லாம் போகவேண்டும் என்று வாங்கின சைட்டில், எது தன்னுடையது என்பதும் சேர்ந்து போயிருக்கிறது.

"மாஸ்டர்கிட்ட சொன்னேன்" என்றார் பல்செட்காரர். "அடுத்தவன் அட்டையில பட்டா சைபர்னு சொல்லிட்டாரு. ரூலும் அதுதான். உங்க லேனை ஒரு காலேஜ் பொண்ணுக்குக் குடுத்தாச்சு. நல்லா சுடுது, பாவம், அதை என்ன சொல்ல முடியும்?" கொஞ்சம் தயங்கினார். "பக்கத்துல ஆள் மாறினதுலேர்ந்து எனக்குச் சரியா வரல. அது பல்ல நறநறன்னு கடிச்சுக்கிட்டே சுடுது. என் தொழிலுக்கு நல்லது, அடைப்பான் போட்டும் காதுக்கு ஆகல. எனக்கு இப்ப முழு மணி நேரம் நிக்க முட்டி ஒத்துழைக்கிறது இல்ல. பாதி நான், பாதி நீங்க. ஒரே லேன். மாஸ்டர் சரின்னுட்டாரு."

"பாதி நேரம் நான் என்ன பண்றது?"

"ஸ்கோப்புல என் அட்டையப் பாருங்க. எங்க பட்டுதுன்னு சொல்லுங்க. அப்புறம் நான் உங்களுக்குச் சொல்றேன்."

கொழுந்தன் உடனே சரி சொல்லவில்லை. தனியாக நின்று சுடுகிறவருக்கு இன்னொருவர் கண் தன் அட்டைமேல் இருப்பது எத்தனை கூச்சம் என்று நமக்குப் புரியாது. "வீட்டுல கேட்டுட்டு சொல்றேன்" என்றாராம். யோசித்துப் பார்த்தால், வீட்டில் கேட்கவேண்டும் என்று அவர் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். எல்லோரும் லீவுக்குச் சொல்கிற அதே சாக்கு.

அந்த ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"அண்ணே, வர்ற வாரத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமை காலைல நான் இல்ல."

"ஏன், எங்க போற?"

"சுட."

"அதத்தான் விட்டுட்டியே?"

"நான் விடல. அதுவா போயிருச்சு." பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மூன்று வாரச் சட்டம், கூடை, வெள்ளை அட்டை, அரை நிமிஷம். குறையாகச் சொல்லவில்லை. எந்த லிப்டில் என்ன கோளாறு என்று சொல்கிறமாதிரி சொன்னார். மருமகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தது. தப்பு தன் பக்கம் இருந்தால் அவருக்கு முதலில் கோபம்தான் வரும். "அன்னிக்கே போன்ல இதச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். பிறகு தண்ணீர் குடித்தார். "குழம்பு ஊத்து" என்று என்னிடம் சொன்னார். அவர் தட்டில் குழம்பு இருந்தது.

அடுத்த ஞாயிறு பேத்தி அழுதாள். எங்கள் எல்லோர் தோளிலும் மாறி மாறிப் படுத்துப் பார்த்தாள், எதுவும் பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில் போனை எடுத்தார், என்னைப் பார்த்தார், கீழே வைத்தார். மணி பத்தைத் தாண்டியதும் போன் தானாக அடித்தது. கொழுந்தன்தான். நாங்கள் கூப்பிடாமல் அவராகக் கூப்பிடுவது எனக்கு நினைவு தெரிந்து கிடையாது. என்னவோ ஏதோ என்று ஓடிப்போய் எடுத்தேன்.

"அண்ணி, இன்னிக்கு ஒரு ஏழு சுட்டேன்."

பின்னால் பஸ் போகிற சத்தம் கேட்டது. தெருவில் நின்று பேசுகிறார்.

"ஏழுன்னா நல்லதா தம்பி?"

"மோசம். இந்த அஞ்சாறு வருஷத்துல ஏழு போனதே இல்ல."

"அப்புறம் எதுக்குச் சிரிக்கிறீங்க?"

பஸ் சத்தத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனார்.

"நான் ஏழு சுட்டதுக்கு ஒருத்தர் பக்கத்துல நின்னு 'அடடா'ன்னாரு அண்ணி" என்றார்.